கால் வேலியும் 54 விநாடியும்

(உத்திரமேரூரில் பொதுத்தேர்வுக்கும் போட்டித் தேர்வுகளுக்கும் படிக்கும் மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கணக்கைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதனால் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டே தொடங்குகிறேன். அக்கா வீட்டில் சில மூட்டை நெல், தங்கை வீட்டில் சில மூட்டை நெல். அக்காவுடையதில் பாதியும் தங்கையுடையதில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் 7 மூட்டை. அக்காவுடையதில் மூன்றில் ஒரு பங்கும் தங்கையுடையதில் கால் பங்கும் சேர்ந்தால் 5 மூட்டை. ஆளுக்கு எத்தனை?

நீங்கள் எக்ஸ், ஒய் என்று போடுவீர்கள். நான் அக்காவுக்கு அ, தங்கைக்கு த என்று போடுகிறேன்.

அ/2 + த/3 = 7
அ/3 + த/4 = 5

பின்னம் வந்துவிட்டது. இந்த இடத்தில்தான் பலருடைய பேனா நின்றுவிடும். ஒருங்கமைச் சமன்பாடுகள் என்ற பாடம் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. பிரதியிடும் முறை, நீக்கல் முறை, குறுக்குப் பெருக்கல் முறை, வரைபட முறை என்று நான்கு வழியும் பிள்ளைகளுக்குத் தெரியும். கெழுக்கள் முழு எண்களாக இருக்கும்வரை நன்றாகவே போடுகிறார்கள். அதே கணக்கில் இரண்டு பின்னங்களைச் செருகிவிட்டால் பாதிப் பேர் அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைத் தடுப்பது சமன்பாடு இல்லை, பின்னம். இன்று நான் சொல்ல வந்தது அதைப் பற்றித்தான்.

முதல் வரியை 6ஆல் பெருக்குங்கள், 3அ + 2த = 42. இரண்டாவதை 12ஆல் பெருக்குங்கள், 4அ + 3த = 60. பின்னம் போய்விட்டது. இனி முதல் வரியை 3ஆலும் இரண்டாம் வரியை 2ஆலும் பெருக்கிக் கழித்தால் அ = 6. அதைப் பிரதியிட்டால் த = 12. அக்காவுக்கு 6 மூட்டை, தங்கைக்கு 12.

இதில் எங்கே தவறுகிறார்கள் தெரியுமா? இடப்பக்கத்தை 6ஆல் பெருக்கிவிட்டு, வலப்பக்கத்து 7ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். 7இல்தான் பின்னம் இல்லையே, அதை ஏன் தொட வேண்டும் என்று கை நினைக்கிறது. அப்படி விட்டால் 3அ + 2த = 7, 4அ + 3த = 5 என்று ஆகும். இதற்கும் விடை வரும். அக்காவுக்கு 11 மூட்டை, தங்கைக்கு மைனஸ் 13 மூட்டை. மைனஸ் 13 மூட்டை நெல் எந்த வீட்டிலும் இருக்காது. ஆனால் கணக்கு மூட்டையைப் பற்றியதாக இல்லாமல் வெறும் எக்ஸ், ஒய் என்று இருந்தால், 11, மைனஸ் 13 என்று வட்டமிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்போம். வினாத்தாள் எழுதுகிறவருக்கு இந்தத் தவறு நன்றாகத் தெரியும். நான்கு விடைகளில் ஒன்றாக அதையும் வைத்திருப்பார்.

பெருக்குவது ஏன் எல்லா உறுப்பையும் சேர்த்துப் பெருக்குவதாக இருக்க வேண்டும்? இதை விதியாகச் சொன்னால் மறந்துபோகும், காரணத்தைச் சொன்னால் நிற்கும். அந்தக் காரணம் இந்த ஊர்க் கோயில் சுவரிலேயே இருக்கிறது.

வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை அவை சொல்கின்றன. ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். கூட்டினால் 30. குடவோலை என்றதும் நாம் குடத்தையும் ஓலையையும் பேசுகிறோம். ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்று முடிவு செய்தது எது? வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். வேதமும் பாடியமும் கற்றவராக இருந்தால் அரைக்கால் வேலி போதும். கால், அரைக்கால். இரண்டுமே பின்னங்கள். ஒருவருடைய பெயர் குடத்துக்குள் போவதையும் போகாததையும் ஒரு பின்னம் தீர்மானித்திருக்கிறது.

அது எல்லோருக்குமான தேர்தல் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது பிராமணர்களின் சபை. பெண்களுக்கும், நிலத்தை உழுது பயிரிட்டவர்களுக்கும் அதில் இடமில்லை. இன்று குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்க நிலம் கேட்பதில்லை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இந்த அவையில் இருக்கும் எந்தத் தங்கையும் அந்தத் தேர்வெழுதிக் கிராம நிர்வாக அலுவலராகி, இதே வட்டத்தின் நிலக் கணக்கைப் பார்க்கலாம். அன்று நிலம் வைத்திருந்தவருக்குத்தான் வாய்ப்பு. இன்று கணக்குப் போடத் தெரிந்தவருக்கு. அதனால்தான் பின்னம் ஒரு பிள்ளையை வெளியே நிறுத்திவிடக்கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நிலத்துக்கு வருவோம். ஒரு வேலி என்பது 20 மா. கால் வேலி 5 மா, அரைக்கால் வேலி இரண்டரை மா. இப்போது ஒரு கணக்கு. இது கல்வெட்டில் உள்ளது அல்ல, நானே உங்களுக்காகப் போட்டது. முருகனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கும் இளங்கோவின் நிலத்தில் கால் பங்கும் சேர்ந்தால் கால் வேலி. முருகனுடையதில் கால் பங்கும் இளங்கோவுடையதில் பாதியும் சேர்ந்தாலும் கால் வேலி. யாருக்கு எவ்வளவு?

வேலியிலேயே எழுதினால் இடப்பக்கமும் பின்னம், வலப்பக்கமும் பின்னம். மா கணக்கில் எழுதினால் வலப்பக்கம் 5 ஆகிவிடும்.

மு/3 + இ/4 = 5
மு/4 + இ/2 = 5

முதல் வரியை 12ஆல் பெருக்கினால் 4மு + 3இ = 60. இரண்டாவதை 4ஆல் பெருக்கினால் மு + 2இ = 20. இதை இன்னொரு முறை 4ஆல் பெருக்கிக் கழித்தால் 5இ = 20. இளங்கோவுக்கு 4 மா, முருகனுக்கு 12 மா.

வேலியை மாவாக மாற்றினோமே, அப்போது என்ன செய்தோம்? நிலத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அளக்கும் கோலை மட்டும் சிறியதாக்கினோம். கோல் சிறியதானால் எல்லா அளவும் ஒரே மடங்கில் பெருகும். ஒருவருடைய நிலத்தை மாவில் சொல்லிவிட்டு இன்னொருவருடையதை வேலியில் சொல்ல முடியாது. மீச்சிறு பொது மடங்கால், அதாவது மீ.பொ.ம.வால் பெருக்குவதும் இதே வேலைதான். 6ஆல் பெருக்குகிறோம் என்றால், ஒரு மூட்டையை ஆறு சம பங்காக்கி அந்தப் பங்கையே அலகாக வைத்து எண்ணுகிறோம் என்று பொருள். அப்போது 7 மூட்டை 42 பங்காக ஆகத்தான் வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை வலப்பக்கத்து 7ஐ அப்படியே விட்டுவிடாது.

நம் முன்னோர் கணக்கு முழுவதும் இந்தச் சிறிய கோலின் மேல்தான் நின்றது. ஒன்றை 320 ஆக்கினால் ஒரு பங்கு முந்திரி. காணி 4 முந்திரி, மா 16 முந்திரி, மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80. எந்தப் பின்னத்தை எதனோடு கூட்ட வேண்டுமென்றாலும் எல்லாம் முந்திரிக் கணக்காகிவிடும். பொதுப் பகுதி கண்டுபிடிக்கும் வேலையே கிடையாது, அது முன்பே தயாராக இருந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளைகள் இரண்டாம் வாய்ப்பாடு, மூன்றாம் வாய்ப்பாட்டோடு கால் வாய்ப்பாடு, அரை வாய்ப்பாடு, மாகாணி வாய்ப்பாடு எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னார்கள். காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைப் புரட்டினால் நிலம், பொன், நெல் என்று எந்தக் கணக்கிலும் பின்னம் வந்துகொண்டே இருக்கும். அது அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பயமான பொருளே இல்லை. ‘முக்காலே மூணு வீசம் பேர் வந்துட்டாங்க’ என்று இன்றைக்கும் பெரியவர்கள் சொல்கிறார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒன்று. முக்காலைப் பன்னிரண்டு வீசமாக்கி மூன்றைக் கூட்டினால் பதினாறில் பதினைந்து, ஏறக்குறைய எல்லோரும்.

1957 ஏப்ரல் 1 அன்று நயாபைசா வந்தது. அதற்குமுன் ரூபாய்க்குப் பதினாறு அணா. கால் ரூபாய், அரைக்கால் ரூபாய் என்று கடைத்தெருவிலேயே பின்னம் புழங்கியது. பிறகு எடையும் அளவும் பத்தின் மடங்குகளாயின. அந்த மாற்றம் தேவையானதுதான், நான் குறை சொல்லவில்லை. அதன் விளைவு என்னவென்றால், பிள்ளைகள் பின்னத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்க்கிறார்கள். வீட்டிலும் தெருவிலும் பழகாத ஒன்றைத் தேர்வு அறையில் மட்டும் சந்தித்தால் யாருக்கும் தயக்கம் வரத்தான் செய்யும்.

முந்திரிக் கணக்குக்கும் ஒரு எல்லை இருந்தது. 320ஐ 2ஆலும் 5ஆலும் மீதியில்லாமல் வகுக்கலாம், 3ஆல் வகுக்க முடியாது. மூன்றில் ஒரு பங்கு இத்தனை முந்திரி என்று முழு எண்ணாகச் சொல்ல வழியில்லை. ஏழில் ஒன்றுக்கும் அதே நிலை. பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் மீ.பொ.ம.வின் பலம் இங்கே தெரியும். ஒவ்வொரு கணக்குக்கும் அதற்கு ஏற்ற முந்திரியை நீங்களே செய்துகொள்ளலாம். பகுதிகள் 2, 3 என்றால் ஆறில் ஒன்று உங்கள் முந்திரி. 3, 4 என்றால் பன்னிரண்டில் ஒன்று. 5, 7 என்றால் முப்பத்தைந்தில் ஒன்று. ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘மீ.பொ.ம. எடு’ என்று சொல்வதற்குமுன், ‘எந்த அலகில் அளந்தால் எல்லாம் முழுசா வரும்?’ என்று பிள்ளையிடம் ஒரு முறை கேளுங்கள்.

பின்னத்தை நீக்கவே கூடாத கணக்கும் உண்டு. வேலை, நேரம் பற்றிய கணக்குகள் அந்த வகை, குரூப் 4இல் அடிக்கடி வரும். 2 பெரிய மோட்டாரும் 3 சிறிய மோட்டாரும் சேர்ந்து ஓடினால் ஒரு குளம் 4 மணி நேரத்தில் நிரம்பும். 3 பெரியதும் 3 சிறியதும் ஓடினால் 3 மணி நேரத்தில் நிரம்பும். ஒரே ஒரு பெரிய மோட்டார் தனியாக ஓடினால் எத்தனை மணி நேரம் ஆகும்? பெரியது எடுக்கும் நேரம் பெ, சிறியது எடுக்கும் நேரம் சி என்று வைத்தால்:

2/பெ + 3/சி = 1/4
3/பெ + 3/சி = 1/3

பழக்கத்தில் இதையும் பகுதியால் பெருக்கிவிடுவார்கள். பெருக்கினால் பெ, சி இரண்டும் ஒன்றோடொன்று பெருகி நிற்கும் ஓர் உறுப்பு முளைக்கும். நேரியல் சமன்பாடு நேரியலாக இருக்காது, அதோடு கணக்கு மாட்டிக்கொள்ளும். பகுதியில் இருப்பது தெரிந்த எண் என்றால் நீக்குங்கள். தெரியாத எண் என்றால் அந்தத் தலைகீழியையே தெரியாத எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மோட்டார் ஒரு மணி நேரத்தில் குளத்தில் எவ்வளவு பங்கு நிரப்பும் என்று கேளுங்கள். இரண்டு வரியையும் ஒப்பிட்டால் கூடியிருப்பது ஒரு பெரிய மோட்டார் மட்டுமே. ஆக அதன் ஒரு மணி நேர வேலை 1/3 - 1/4, அதாவது 1/12. தனியாக ஓடினால் 12 மணி நேரம். சிறியதற்கு 36 மணி நேரம். பேனாவே வேண்டாம், வாயாலேயே சொல்லிவிடலாம்.

பின்னத்தைப் பகையாக நினைக்காமல் கருவியாக எடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் மாவட்டத்தோடு தொடர்புள்ள ஒருவரைச் சொல்கிறேன். சீனிவாச ராமானுஜன் சிறு வயதில் சில காலம் காஞ்சிபுரத்தில் தாய்வழித் தாத்தா வீட்டில் இருந்தவர். 1912ஆம் ஆண்டு, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்த அதே ஆண்டில், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒருங்கமைச் சமன்பாடுகளைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். மொத்தம் மூன்று பக்கம்தான். அதில் அவர் எடுத்துக்காட்டும் கணக்கில் 10 சமன்பாடுகள், 10 தெரியாத எண்கள். அவை நேரியல் சமன்பாடுகளும் இல்லை. நாமாக இருந்தால் ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கியிருப்போம். அவர் தெரியாத எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒன்றை மேலே தொகுதியிலும் மற்றதைக் கீழே பகுதியிலும் வைத்து ஐந்து பின்னங்களாக்கினார். ஐந்தையும் கூட்டினால் வரும் ஒரே பின்னத்தைக் கொடுக்கப்பட்ட 10 எண்களிலிருந்தே கண்டுபிடித்தார். பிறகு அதைப் பகுதிப் பின்னங்களாகப் பிரித்தார். விடைகள் தனித்தனியாக வந்து விழுந்தன. நீங்கள் பதினோராம் வகுப்பில் படிக்கப்போகும் அதே பகுதிப் பின்னங்கள்தான். அவர் கண்ட விடைகளில் ஒன்று மைனஸ் ஐந்தில் மூன்று.

விடையும் பின்னமாக இருக்கலாம் என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். விடை பின்னமாக வந்தாலே தப்பு என்று நினைத்து அடித்துவிட்டு மறுபடி தொடங்கும் பிள்ளைகள் நிறையப் பேர். சீனத்தில் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் தொகுத்த ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற கணக்கு நூலில் எட்டாம் அத்தியாயம் முழுவதும் ஒருங்கமைச் சமன்பாடுகள். முதல் கணக்கே கதிர்க்கட்டுகளைப் பற்றியது. முதல் தரம் 3 கட்டு, நடுத்தரம் 2 கட்டு, கடைத்தரம் 1 கட்டு அடித்தால் 39 அளவு தானியம். 2, 3, 1 கட்டு என்றால் 34. 1, 2, 3 என்றால் 26. குச்சிகளைப் பலகையில் வரிசையாக அடுக்கி, ஒரு வரிசையை முழுவதுமாகப் பெருக்கி இன்னொன்றிலிருந்து கழித்துக்கொண்டே போகிறார்கள், நாம் பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகளுக்குச் செய்வதைப் போலவே. வழியெங்கும் முழு எண்தான். கடைசியில்தான் கடைத்தரம் 36 கட்டுக்கு 99 அளவு என்று நிற்கிறது. வகுத்தால் ஒரு கட்டுக்கு இரண்டே முக்கால். நடுத்தரத்துக்கு நாலே கால், முதல் தரத்துக்கு ஒன்பதே கால். கதிர் அடித்த நம் களங்களிலும் நெல் முழு மரக்காலாகவே வந்து நின்றதில்லை.

தேர்வு அறைக்குள் வருவோம். குரூப் 4இல் 3 மணி நேரத்துக்கு 200 வினா, ஒரு வினாவுக்கு 54 விநாடி. அதில் 25 வினா திறனறி பகுதி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 நிமிடத்தில் 90 வினா. தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. விவசாயக் கூலி வீட்டில் அந்தத் தொகைக்கு என்ன மதிப்பு என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

54 விநாடியில் கணக்கு முழுவதையும் போடவேண்டிய கட்டாயம் இல்லை. கொடுத்திருக்கும் விடைகளை ஒவ்வொன்றாகச் சமன்பாட்டில் வைத்துப் பார்க்கலாம். பயிற்சி மையங்கள் இதைச் சொல்லிக்கொடுக்கின்றன, குரூப் 4 எழுதும் பெரியவர்களுக்கு அது சரியான வழி. பகுதி 3 என்றால் 3ஆல் வகுபடும் விடையை முதலில் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை மட்டும் சொல்லிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அதே பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வில் 14 ஒரு மதிப்பெண் வினாவை முடித்துவிட்டு ஐந்து மதிப்பெண் வினாவுக்கு வரும். அங்கே வைத்துப் பார்க்க நான்கு விடை இருக்காது. ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு, எழுதும் வழிதான் மதிப்பெண் வாங்கித்தரும்.

நேரத்தை மிச்சப்படுத்த இன்னொரு நல்ல வழி, சமன்பாடுகளின் முகத்தைப் பார்ப்பது. 9ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூடர் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த கணித அறிஞர் மகாவீரர் ஒரு கணக்குச் சொல்கிறார். 9 நாரத்தையும் 7 விளாம்பழமும் 107 காசு, 7 நாரத்தையும் 9 விளாம்பழமும் 101 காசு. கெழுக்கள் இடம் மாறி நிற்கின்றன. கூட்டுங்கள், 16 ஜோடி 208, ஒரு ஜோடி 13. கழியுங்கள், வித்தியாசம் 3. நாரத்தை 8, விளாம்பழம் 5. பின்னக் கெழுக்கள் இப்படி இடம் மாறி வந்தாலும் இதே முறைதான். பெருக்கி நீக்குவதற்குமுன் இரண்டு வரியையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள்.

கடைசியாகச் சரிபார்ப்பது. விடையை எந்தச் சமன்பாட்டில் வைத்துப் பார்க்கவேண்டும்? வினாத்தாளில் அச்சிட்டிருக்கும் சமன்பாட்டில் மட்டும். ஒரு கணக்கைக் காட்டுகிறேன்.

(க + 1)/2 - (ச - 2)/3 = 1
க + ச = 13

பின்னக்கோடு அடைப்புக்குறியின் வேலையையும் செய்கிறது. 6ஆல் பெருக்கினால் 3(க + 1) - 2(ச - 2) = 6. அடைப்பை நீக்கும்போது மைனஸ் 2ஐ மைனஸ் 2ஆல் பெருக்கினால் பிளஸ் 4. அவசரத்தில் மைனஸ் 4 என்று எழுதினால் 3க - 2ச = 7 என்று வரும். அதன்படி க = 33/5, ச = 32/5. இந்த விடையை நாமே எழுதிய 3க - 2ச = 7இல் வைத்துப் பாருங்கள், பொருந்தும். க + ச = 13இலும் பொருந்தும். தவறான வரியில் வைத்துப் பார்த்தால் தவறான விடையும் பொருந்தத்தான் செய்யும். அச்சிட்ட முதல் வரியில் வையுங்கள். முதல் உறுப்பு 19/5, இரண்டாவது 22/15, கழித்தால் 7/3. 1 வரவில்லை. குறி மாறிய இடத்தைத் தேடித் திருத்தினால் 3க - 2ச = -1, க = 5, ச = 8. மறுபடி அச்சிட்ட வரியில் வைத்தால் 3 கழித்தல் 2, சரியாக 1.

கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இங்கேயே இருக்கின்றன. பின்னம் வந்து மாட்டிக்கொண்ட கணக்கு எதையாவது கொண்டுவந்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள், சேர்ந்து போடுவோம்.